வெள்ளி ஆடி கீட்டோனுக்கு ஏன் வராது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எஸ்டிபிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வுக்காக ஆறாம் படிவம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறாள்: “சார், ஆல்டிஹைடு, கீட்டோன் ரெண்டுலயும் இருக்கிறது அதே கார்போனைல்தானே. பிறகு ஏன் டாலன்ஸ் சோதனை ஒன்னுக்கு மட்டும் வேலை செய்யுது? ஃபிரக்டோஸ் கீட்டோனாச்சே, அது எப்படி பெனடிக்ட்ல சிவக்குது? நோட்டுல இருபது வினைக்கு மேல இருக்கு. எஸ்டிபிஎம்முக்கு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?”

(கார்போனைல் என்பது கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த தொகுதி. டாலன்ஸ் என்பது அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட் கரைசல்; ஆல்டிஹைடு இருந்தால் குழாயின் உட்சுவரில் வெள்ளி ஆடிபோலப் படியும். பெனடிக்ட் என்பது நீல நிறத் தாமிரக் கரைசல்.) கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். இருபதையும் உருப்போட்டால் தேர்வு அறையில் இருபதும் குழம்பும். இந்த மூலக்கூறுகளில் வினை நடக்கக்கூடிய இடங்கள் மூன்றுதான். ஒன்று, கார்போனைல் கார்பன். இரண்டு, அந்தக் கார்பனோடு நேரடியாக ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன். மூன்று, அதற்கு அடுத்த கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன். இதைத்தான் ஆல்பா ஹைட்ரஜன் என்கிறோம். முதல் இடம் ஆல்டிஹைடு, கீட்டோன் இரண்டுக்கும் பொது. இரண்டாவது இடம் ஆல்டிஹைடுக்கு மட்டும் உண்டு. மூன்றாவது சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. புதிதாக ஒரு வினை வந்தால் அதன் பெயரைப் பார்க்காதே. எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்.

முதலில் இயற்பியல் பண்புகள். இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் கார்பனில் பகுதி நேர்மின்சுமையும் ஆக்சிஜனில் பகுதி எதிர்மின்சுமையும் உண்டாகின்றன. மூலக்கூறு முனைவுடையதாகிறது. இதன் விளைவைக் கொதிநிலையில் பார்க்கலாம். பியூட்டேன், புரோப்பனால் (ஆல்டிஹைடு), புரோப்பனோன் (கீட்டோன்) மூன்றுக்கும் மூலக்கூறு நிறை 58, புரோப்பன்-1-ஆலுக்கு 60. பியூட்டேன் 0 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். புரோப்பனால் ஏறக்குறைய 48, புரோப்பனோன் 56, ஆல்கஹால் 97. ஆல்டிஹைடும் கீட்டோனும் இருமுனை ஈர்ப்பு இருப்பதால் பியூட்டேனைவிட மேலே நிற்கின்றன. ஆக்சிஜனில் ஒட்டிய ஹைட்ரஜன் இல்லாததால் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு அமைக்க முடியாமல் ஆல்கஹாலுக்குக் கீழே நிற்கின்றன. ஆனால் நீரின் ஹைட்ரஜனோடு பிணைப்பு அமைத்துக்கொள்ளும் என்பதால் ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அசிட்டோன் எல்லாம் நீரில் நன்றாகக் கரையும். கார்பன் சங்கிலி நீள நீளக் கரைதிறன் குறையும். (மெத்தனால் என்று எழுதினால் ஆல்கஹாலா ஆல்டிஹைடா என்று நம் எழுத்தில் தெரியாது. அதனால் இங்கே ஆல்டிஹைடுகளை ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு என்றும், புரோப்பனோனை அசிட்டோன் என்றும் எழுதுகிறேன். விடைத்தாளில் முறைப்பெயரையே எழுது.) அசிட்டால்டிஹைடின் கொதிநிலை ஏறக்குறைய 20 டிகிரிதான். நம் ஊர் மத்தியான வெயிலில் அந்தப் புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறந்தால் முகத்தில் அடிக்கும்.

இனி முதல் இடம். கார்போனைல் கார்பன் எலக்ட்ரானுக்கு ஏங்கி நிற்கிறது. எலக்ட்ரான் இணை வைத்திருக்கும் எதுவும், அதாவது கருக்கவர் பொருள் எதுவும், அங்கே வந்து ஒட்டும். இரட்டைப் பிணைப்பின் ஒரு பிணைப்பு உடைந்து எலக்ட்ரான்கள் ஆக்சிஜனுக்குப் போகும்; பிறகு ஆக்சிஜன் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். இதுதான் கருக்கவர் சேர்ப்பு வினை. ஆல்டிஹைடு, கீட்டோன் இரண்டும் இதைச் செய்யும், ஆனால் ஆல்டிஹைடு வேகமாகச் செய்யும். காரணம் இரண்டு. கீட்டோனில் இருபுறமும் உள்ள ஆல்கைல் தொகுதிகள் கார்பனுக்கு எலக்ட்ரானைத் தள்ளி அதன் நேர்மின்சுமையைக் குறைக்கின்றன. அதோடு, வருகிற பொருளுக்கு இடம் விடாமல் அடைத்துக்கொண்டும் நிற்கின்றன. எனவே வரிசை: ஃபார்மால்டிஹைடு முதலில், அசிட்டால்டிஹைடு அடுத்து, அசிட்டோன் பிறகு. நீரில் கரைத்தாலே இந்த வரிசை தெரிந்துவிடும். ஃபார்மால்டிஹைடு ஏறக்குறைய முழுவதுமாக நீரைச் சேர்த்துக்கொண்டு டையால் (இரண்டு ஹைட்ராக்சில் உள்ள சேர்மம்) ஆகிவிடுகிறது, அசிட்டால்டிஹைடில் பாதியளவு, அசிட்டோனில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு மூலக்கூறுதான். பென்சால்டிஹைடு ஆல்டிஹைடாக இருந்தும் அசிட்டால்டிஹைடைவிட மெதுவாக வினைபுரியும். பென்சீன் வளையம் உடனிசைவால் அந்த நேர்மின்சுமையைப் பகிர்ந்துகொள்கிறது.

ஹைட்ரஜன் சயனைடு சேர்ப்பைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டுக் கொல்லையிலேயே நடக்கிறது, அதுவும் பின்னோக்கி. மரவள்ளிக் கிழங்கில் லினாமரின் என்றொரு பொருள் இருக்கிறது. அசிட்டோன் ஒன்று ஹைட்ரஜன் சயனைடைச் சேர்த்துக்கொண்டு, அதன் மேல் ஒரு குளுக்கோஸையும் மாட்டிக்கொண்டால் கிடைக்கும் அமைப்பு அது. கிழங்கை வெட்டும்போதோ நசுக்கும்போதோ செல்லிலுள்ள நொதி குளுக்கோஸைக் கழற்றிவிடும். மிஞ்சும் அசிட்டோன் சயனோஹைட்ரின் அசிட்டோனாகவும் ஹைட்ரஜன் சயனைடாகவும் பிரிந்துவிடும். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் ஊறவைத்து, நீரைக் கொட்டி, மூடாமல் அவித்தால் போய்விடுகிறது. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்த பாட்டிகளுக்கு இந்தச் சமன்பாடு தெரியாது, செய்முறை தெரியும். இதே லினாமரின் பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், இலையிலும் கொட்டையிலும் இருக்கிறது. பால்மரக் கொட்டையைப் பச்சையாகத் தின்னாதே என்று தோட்டத்துப் பிள்ளைகளை அதட்டுவதற்குக் காரணம் அதுதான்.

தேர்வுக்கு இதில் தேவையானவை இரண்டு. ஒன்று, வினைபொருளை ஹைட்ரஜன் சயனைடு வாயு என்று மட்டும் எழுதாமல் பொட்டாசியம் சயனைடும் நீர்த்த அமிலமும் என்று எழுது. தாக்குவது சயனைடு அயனி, தூய ஹைட்ரஜன் சயனைடில் அது மிகக் குறைவு. இரண்டு, கார்போனைல் சமதளமானது. அயனி மேலிருந்தும் கீழிருந்தும் சமமாகத் தாக்கும். ஆகவே அசிட்டால்டிஹைடிலிருந்து வரும் 2-ஹைட்ராக்சிபுரோப்பேன்நைட்ரைல் சுழிமாய்க் கலவையாகத்தான், அதாவது ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்களின் சமக் கலவையாகத்தான் இருக்கும், ஒளியைச் சுழற்றாது. இந்தக் கேள்வி வராத ஆண்டு குறைவு.

ஒடுக்கத்தையும் கிரிக்னார்டையும் ஒரே மூச்சில் முடிக்கலாம். சோடியம் போரோஹைட்ரைடு ஹைட்ரைடை (எதிர்மின்சுமையுள்ள ஹைட்ரஜனை) கொண்டுவந்து அதே கார்பனில் வைக்கிறது: ஆல்டிஹைடு முதல்நிலை ஆல்கஹாலாகும், கீட்டோன் இரண்டாம் நிலை ஆல்கஹாலாகும். கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பை அது தொடாது. கிரிக்னார்டு வினைபொருள் (மக்னீசியத்தோடு ஒட்டிய ஆல்கைல்) ஆல்கைல் தொகுதியைக் கொண்டுவந்து வைக்கிறது: ஃபார்மால்டிஹைடிலிருந்து முதல்நிலை, மற்ற ஆல்டிஹைடிலிருந்து இரண்டாம் நிலை, கீட்டோனிலிருந்து மூன்றாம் நிலை. கார்பனைச் சுற்றி எத்தனை ஹைட்ரஜன் இருந்தது என்று எண்ணினாலே விடை வந்துவிடும்.

அடுத்தது அமீன் வகை. நைட்ரஜனும் எலக்ட்ரான் இணை வைத்திருக்கிறது, அதுவும் வந்து சேரும். ஆனால் சேர்ந்தபின் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு உருவாகும். இது குறுக்க வினை. 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன் இப்படித்தான் மஞ்சள் அல்லது ஆரஞ்சு வீழ்படிவு தருகிறது. ஆல்டிஹைடா கீட்டோனா என்று அது சொல்லாது, இரண்டில் ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அமிலமும் எஸ்டரும் இதற்கு வராது. அந்த வீழ்படிவை வடித்து, மறுபடிகமாக்கி, உருகுநிலை பார்த்தால் எந்தச் சேர்மம் என்பதையே கண்டுபிடித்துவிடலாம்: அசிட்டோனிலிருந்து வந்தது 126 டிகிரியில் உருகும், அதே மூலக்கூறு வாய்பாடுடைய ஆல்டிஹைடான புரோப்பனாலிலிருந்து வந்தது ஏறக்குறைய 155-இல்.

பாடப்புத்தகத்தில் ஹைட்ராக்சிலமீன் வினைக்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருப்பார்கள், ஆக்சைம் உருவாகும் என்று. நம் நாட்டின் ரப்பர் வரலாற்றில் அந்த ஒரு வரிக்குப் பெரிய இடம் இருக்கிறது. பால்மரத்து ரப்பரைச் சேமித்து வைத்தால் நாளாக ஆக அது தானாகவே இறுகிப்போகும். வாங்கிய தொழிற்சாலைக்காரன் அதை எந்திரத்தில் அரைத்து இளக்கத் தனியாகச் செலவழிக்க வேண்டும். 1960 வாக்கில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய பி. சி. சேகர், ரப்பர் சங்கிலியில் ஆங்காங்கே இருக்கும் ஆல்டிஹைடு தொகுதிகள்தான் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவிடுகின்றன என்று விளக்கினார். அப்படியானால் அந்த ஆல்டிஹைடின் வாயை அடைத்துவிட்டால் போதுமல்லவா? பாலில் சிறிதளவு ஹைட்ராக்சிலமீன் உப்பைக் கலந்தார்கள். ஆல்டிஹைடு ஆக்சைம் ஆயிற்று, இறுகல் நின்றது. எஸ்எம்ஆர் (மலேசியத் தர ரப்பர்) சிவி 60 என்று மூட்டையில் அச்சிட்டு வருகிற, பாகுநிலை மாறாத ரப்பர் தரம் இந்த வேதியியலிலிருந்து பிறந்தது. பின்னால் வந்த ஆய்வாளர்கள், இறுகலுக்குச் சங்கிலி முனைகளில் உள்ள புரதமும் கொழுப்பும் காரணம் என்றும் சொன்னார்கள். அந்த விவாதம் வேறு. ஆனால் ஹைட்ராக்சிலமீன் வேலை செய்கிறது. சேகர் 1966-இல் அந்தக் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானார். குறுக்க வினைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் எல்லோரும் எழுதும் ஆரஞ்சு வீழ்படிவோடு இதையும் எழுது என்பேன்.

இப்போது உன் முதல் கேள்வி, இரண்டாவது இடம். ஆல்டிஹைடை அமிலமாக ஆக்சிஜனேற்றம் செய்வது என்றால் கார்போனைல் கார்பனிலுள்ள அந்த ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஆக்சிஜனை நுழைப்பது. நீரில் நடக்கும் பாதை எளிது: ஆல்டிஹைடு நீரைச் சேர்த்துக்கொண்டு டையாலாகும், அதிலிருந்து கார்பனின் ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனின் ஹைட்ரஜனும் போய்விட்டால் மிஞ்சுவது கார்பாக்சிலிக் அமிலம். கீட்டோனில் அந்த ஹைட்ரஜனே இல்லை. அந்த இடத்தில் இருப்பது இன்னொரு கார்பன். அதை எடுக்க வேண்டுமானால் கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க வேண்டும். அதற்கு வலிய ஆக்சிஜனேற்றியும் கடும் சூடும் வேண்டும். டாலன்ஸ் வினைபொருளில் உள்ள வெள்ளி அயனிக்கு அவ்வளவு வலு கிடையாது. ஆக, வெள்ளி ஆடி கார்போனைலைச் சோதிப்பதே இல்லை. அதில் ஒட்டிய ஹைட்ரஜனைத்தான் சோதிக்கிறது.

இது புரிந்தால் ஒரு பொறியிலிருந்தும் தப்பிக்கலாம். ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிறார்களே, அந்த ஃபார்மிக் ஆசிட். பெயரில் அமிலம். ஆனால் அதன் கார்போனைல் கார்பனைப் பார்: ஒருபுறம் ஹைட்ராக்சில், மறுபுறம் ஹைட்ரஜன். ஆல்டிஹைடின் அந்த ஹைட்ரஜன் இதிலும் இருக்கிறது. அதனால் டாலன்ஸோடு வெள்ளி தரும், அமிலம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஊதா நிறத்தையும் போக்கும். அசெட்டிக் அமிலம் இரண்டையும் செய்யாது. ‘மெத்தனாயிக் அமிலத்தையும் எத்தனாயிக் அமிலத்தையும் வேறுபடுத்துக’ என்ற கேள்வியைப் பார்த்து எத்தனையோ பேர் விழித்திருக்கிறார்கள்.

ஃபெலிங் கரைசல் (1849-இல் வந்தது), பெனடிக்ட் கரைசல் இரண்டிலும் வேலை செய்வது தாமிர அயனி. நீலம் போய்ச் செங்கல் சிவப்பில் தாமிர ஆக்சைடு படியும். தாமிரம் வெள்ளியைவிட மென்மையான ஆக்சிஜனேற்றி, ஆகவே பென்சால்டிஹைடு போன்ற வளைய ஆல்டிஹைடுகள் டாலன்ஸுக்கு வரும், ஃபெலிங்குக்கு வராது. பழைய தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, பார்த்தது பெனடிக்ட்டை வைத்துத்தான்: 5 மில்லி கரைசல், 8 சொட்டுச் சிறுநீர், கொதிக்க வைத்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று சர்க்கரையின் அளவுக்கு ஏற்ப நிறம் ஏறும். குளுக்கோஸ் ஓர் ஆல்டிஹைடு.

ஃபிரக்டோஸ் கீட்டோன்தான், நீ சொல்வது சரி. ஆனால் அதன் கார்போனைலுக்கு அடுத்த கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. இப்படிப்பட்ட ஆல்பா-ஹைட்ராக்சி கீட்டோன் காரக் கரைசலில் ஈனோல் வடிவத்துக்குப் போய், திரும்பி வரும்போது ஆல்டிஹைடாக, அதாவது குளுக்கோஸாகவும் மேனோஸாகவும் வந்துவிடுகிறது. பெனடிக்ட்டும் ஃபெலிங்கும் டாலன்ஸும் காரத் தன்மை உடையவை. சோதனைக் கரைசலே கீட்டோனை ஆல்டிஹைடாக மாற்றிவிட்டு, பிறகு அதைப் பார்த்துச் சிவக்கிறது. சாதாரண அசிட்டோனை எத்தனை நேரம் கொதிக்க வைத்தாலும் இது நடக்காது, ஏனென்றால் அதற்கு அந்த ஹைட்ராக்சில் இல்லை.

உடம்பிலும் ஆக்சிஜனேற்றம் இதே பாதையில்தான் போகிறது. கள்ளில் இருக்கும் எத்தில் ஆல்கஹாலைக் கல்லீரல் அசிட்டால்டிஹைடாகவும், பிறகு அசெட்டிக் அமிலமாகவும் மாற்றும். கிழக்காசிய வம்சாவளியினர் பலருக்கு இரண்டாவது படியின் நொதி சரியாக வேலை செய்வதில்லை. அசிட்டால்டிஹைடு தேங்கி, ஒரு கிளாஸ் பீருக்கே முகம் சிவந்துவிடும். கள்ளச் சாராயமான சம்சுவில் மெத்தில் ஆல்கஹால் கலந்திருந்தால் அது ஃபார்மால்டிஹைடாகி, ஃபார்மிக் அமிலமாகி, கண் நரம்பைத் தாக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மது குடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தது இந்த வழியில்தான்.

மூன்றாவது இடம், ஆல்பா ஹைட்ரஜன். சாதாரணமாகக் கார்பனில் ஒட்டிய ஹைட்ரஜனைக் காரத்தால் பிடுங்க முடியாது. பக்கத்தில் கார்போனைல் இருந்தால் நிலைமை மாறுகிறது. ஹைட்ரஜன் போனபின் மிஞ்சும் எதிர்மின்சுமையை ஆக்சிஜன் வாங்கி வைத்துக்கொள்கிறது. அயோடின் கரைசலையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் ஊற்றினால், மெத்தில் கீட்டோனின் அந்த மூன்று ஹைட்ரஜனும் ஒவ்வொன்றாகப் போய் மூன்று அயோடின் வந்து உட்காரும். அவ்வளவு அயோடினைச் சுமந்த கார்பன் எளிதில் கழன்றுகொள்ளும். வெளிர்மஞ்சள் அயோடோஃபார்ம் படியும், ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். பென்டன்-2-ஓனையும் பென்டன்-3-ஓனையும் பிரிக்க இதைவிட்டால் எளிய வழி இல்லை. ஆல்டிஹைடுகளில் அசிட்டால்டிஹைடு மட்டுமே இதைத் தரும். எத்தில் ஆல்கஹாலும் தரும், அயோடின் அதை முதலில் அசிட்டால்டிஹைடாக்கிவிடுவதால்.

நீர்த்த காரத்தில் அதே ஆல்பா கார்பன் இன்னொரு மூலக்கூறின் கார்போனைல் கார்பனைத் தாக்கினால் ஆல்டால் வினை. அதாவது மூன்றாவது இடம் முதல் இடத்தோடு கைகோக்கிறது. ஆல்பா ஹைட்ரஜனே இல்லாத ஃபார்மால்டிஹைடு, பென்சால்டிஹைடு போன்றவை அடர் காரத்தில் வேறு வழியின்றி ஒன்றையொன்று ஆக்சிஜனேற்றி ஒடுக்கிக்கொள்ளும்: பாதி அமில உப்பு, பாதி ஆல்கஹால். கன்னிசரோ இதை 1853-இல் கண்டறிந்தார்.

இப்போது உனக்கு ஒரு பயிற்சி. மூலக்கூறை நம் தோட்டத்திலிருந்தே எடுக்கலாம். ரப்பர் என்பது ஐசோபிரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி, ஒவ்வோர் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு. பழைய டயரில் வெடிப்பு விழுவதற்கு ஒரு காரணம், காற்றிலுள்ள ஓசோன் இந்த இரட்டைப் பிணைப்புகளை வெட்டுவது. 1900-களின் தொடக்கத்தில் கார்ல் ஹாரீஸ் என்ற ஜெர்மானியர் ரப்பரை வேண்டுமென்றே ஓசோனால் வெட்டி, பிறகு நீராற்பகுத்துப் பார்த்தார். ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பும் வெட்டுப்படும்போது மெத்தில் இருந்த பக்கம் கீட்டோனாகிறது, ஹைட்ரஜன் இருந்த பக்கம் ஆல்டிஹைடாகிறது. கிடைத்தது லெவுலினிக் ஆல்டிஹைடு: ஐந்து கார்பன், ஒரு முனையில் ஆல்டிஹைடு, மறுமுனையில் மெத்தில் கீட்டோன், நடுவே இரண்டு மெத்திலீன். முறைப்பெயர் 4-ஆக்சோபென்டனால். ரப்பரின் அமைப்பைப் புரிந்துகொள்ள இது பெரிய சான்றாக இருந்தது.

இந்த ஒரு மூலக்கூறை மூன்று இடங்களிலும் சோதித்துப் பார். 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன் போட்டால் இரு முனையும் வினைபுரியும், வீழ்படிவு வரும். டாலன்ஸ் போட்டால் வெள்ளி ஆடி வரும், ஆனால் வினைபுரிவது ஆல்டிஹைடு முனை மட்டும். கீட்டோன் முனை அப்படியே இருக்க, லெவுலினிக் அமிலத்தின் உப்பு கிடைக்கும். அமிலம் சேர்த்து அந்த லெவுலினிக் அமிலத்தை எடுத்து மறுபடி டாலன்ஸ் போட்டால் ஒன்றும் நடக்காது, ஹைட்ரஜன் போய்விட்டது. 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன் போட்டால் இன்னும் ஆரஞ்சு வரும். அதையே அயோடினும் காரமும் கொண்டு சோதித்தால் மஞ்சள் அயோடோஃபார்ம் படியும், கரைசலில் பியூட்டேன்டையோயேட் மிஞ்சும். முதலில் எடுத்த லெவுலினிக் ஆல்டிஹைடில் சோடியம் போரோஹைட்ரைடு போட்டிருந்தால் பென்டேன்-1,4-டையால் வந்திருக்கும். அதில் நான்காவது கார்பன் சீர்மையற்றது. ஹைட்ரைடு இருபுறமும் சமமாகத் தாக்கியதால் சுழிமாய்க் கலவைதான். இதை ஒருமுறை தாளில் வரைந்து பார்த்துவிட்டு உன் நோட்டிலுள்ள வினைகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று இடத்தின் எண்ணை எழுது. ஆய்வகத்தில் டாலன்ஸ் செய்தால் மிஞ்சியதை அன்றே நீர்த்த அமிலம் ஊற்றிக் கழித்துவிடு. வைத்திருந்தால் வெடிக்கக்கூடிய வெள்ளி நைட்ரைடு படியும்.